காலியான இடத்தில் ஒரு மூச்சு

"நிறுத்தாதீங்க மாமா! அமுக்கிட்டே இருங்க!"

அவள் தரையில் முட்டி போட்டு, வென்டிலேட்டரின் முதுகுப்பக்கம் கையை விட்டு சுவிட்சைத் துழாவினாள். மேலே கட்டிலில் அக்கா. அக்காவின் தொண்டைக் குழாயில் மாட்டிய ரப்பர் பையை அக்காவின் கணவரான மாமா இரண்டு கைகளாலும் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்தால் அக்காவின் நெஞ்சு ஏறியது. விட்டால் இறங்கியது. மாமாவின் நெற்றி வியர்வை போர்வையில் சொட்டியது.

காலையிலிருந்து இதே கதைதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் திடீரென்று உறைந்துபோகும். திரையில் பச்சைக் கோடு பாதியில் நிற்கும். அலாரம்கூட அடிக்காது. அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். எவ்வளவு நேரம் ஓடும் என்பதுதான் தெரியாது.

சுவிட்ச் கிடைத்தது. அணைத்தாள். போட்டாள். மோட்டார் முனகிக்கொண்டே எழுந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. பச்சைக் கோடு ஊர்ந்தது. ஏறியது. இறங்கியது. ஏறியது.

"அப்பாடா, வந்துடுச்சு," என்றார் மாமா. "குழாயை எடுத்து மாட்டு, பூச்சி."

அவள் மாட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷினின் குழாய் இன்னும் கட்டில் கம்பியில்தான் தொங்கியது. அதன் முனையில் யாரும் இல்லை. ஆனால் திரையில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த மெஷின் சும்மா ஊதித் தள்ளுகிற ரகம் இல்லை. நோயாளி மூச்சை இழுக்க முயன்றால், அந்த முயற்சியை உணர்ந்து மிச்சக் காற்றைக் கொடுக்கும். முயற்சி இல்லையென்றால் அலாரம் அடிக்கும். விபத்துக்குப் பிறகு அக்கா கண் திறக்கவில்லை, ஒரு விரலை அசைக்கவில்லை. அந்த அரை மூச்சு முயற்சி ஒன்றுதான் பாக்கி. 'அது இருக்கிற வரைக்கும் உள்ள அவங்க இருக்காங்கன்னு வெச்சுக்கங்க' என்று சொன்ன டாக்டர், அது நின்றால் என்ன என்பதைச் சொல்லாமல் பேனாவை மூடிக்கொண்டார்.

அவள் தொங்கிக்கொண்டிருந்த குழாயின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

இழுத்தது.

மெதுவாக, பால் குடிக்கும் குழந்தையின் உதடு போல, உள்ளங்கையின் தோலை ஒரு கணம் இழுத்துப் பிடித்து, விட்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா," என்று சொல்லிவிட்டுக் குழாயை அக்காவுக்கு மாட்டினாள். கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் துடைத்துக்கொண்டாள்.

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டாள்.

"அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா மேடம்?"

"காலையிலேர்ந்து வேற என்ன பண்றேன்னு நினைச்சீங்க? மாத்து மெஷின் எப்ப வரும்?"

"கையிருப்பு இல்ல மேடம். எப்படியும் ஒரு வாரம் ஆகும். ஆஸ்பத்திரில சேத்துடுங்களேன்."

ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. விடிந்ததிலிருந்து மாமா ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துவிட்டார். வராந்தாவில் படுக்க வைக்கிறோம், மெஷின் நீங்களே கொண்டுவாருங்கள் என்று ஒருவர் மட்டும் பெரிய மனது பண்ணியிருந்தார்.

"சரி, ஒண்ணு சொல்லுங்க. இது புது மெஷினா? எங்களுக்கு முன்னாடி யாராவது வெச்சிருந்தாங்களா?"

"உங்களுக்கு அனுப்பின பெட்டி மேல இருந்த நம்பரைப் பாத்தா... திரும்பி வந்த மெஷின்தான் மேடம். ஒரு பெரியவர் வீட்ல இருந்திருக்கு. அவருக்கு இனிமே தேவைப்படாது. புரியுதுல்ல?"

புரிந்தது. உள்ளங்கையை இன்னொரு முறை சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை அவள். கம்ப்யூட்டரின் கர்னல்தான் அவள் சோறு. வன்பொருளுக்கும் புரோகிராம்களுக்கும் நடுவே உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு போட்டுக் கொடுக்கிற அடிமட்டப் புரோகிராம் அது. அதில் மெமரிக் கோளாறுகளைத் தேடிப் பிடிப்பது வேலை. அந்தத் தொழிலில் கோளாறுக்குப் பெயர் 'பக்', அதாவது பூச்சி; அதனால்தான் மாமா அவளுக்கு வைத்த பெயரும் பூச்சி. இந்த வென்டிலேட்டருக்குள் ஓடுவதும் அவள் பல வருடங்களாகக் குடைந்த அதே கர்னல்தான். மூச்சைப் பதிவு செய்கிற பகுதியை மட்டும் கம்பெனி எழுதியிருந்தது. அதையும் சர்வீஸ்காரர், 'நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க' என்று அனுப்பி வைத்தார்.

அக்காவின் அறையில் திரைச்சீலை எப்போதும் மூடியே இருக்கும். வெளியே நல்ல மத்தியானம். உள்ளே மருந்தும் ரப்பரும் துவைத்த துணியும் கலந்த வாசனையோடு பழுப்பு நிற வெளிச்சம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து கேபிளைச் செருகினாள். சுவரில் சாய்ந்த முதுகுக்கு மோட்டாரின் நடுக்கம் ஒரு மிருகத்தின் வயிறு போல வெதுவெதுப்பாகப் பட்டது.

"என்ன பூச்சி புடிக்கப் போற?" மாமா மறுபடியும் ரப்பர் பையைக் கையில் எடுத்திருந்தார். புதுக் கர்னலை ஏற்றி முடிக்கும்வரை அவர்தான் அக்காவுக்கு மெஷின்.

"லாட்ஜ்ல ரூமைக் காலி பண்ணிட்டுப் போனவன் கள்ளச்சாவி ஒண்ணு வெச்சிருந்தா எப்படி இருக்கும்? நாம அந்த ரூமை வேற ஒருத்தருக்குக் குடுத்துடறோம். இவன் பழைய நினைப்புல வந்து கதவைத் திறக்கறான். ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல. அந்த மாதிரி, விட்டுட்டுப் போன மெமரியை யாரோ இன்னும் தொடறாங்க. அப்பதான் மெஷின் உறையுது."

"போலீஸைக் கூப்பிட வேண்டியதுதான்."

"அதைத்தான் ஏத்தறேன். காவல்காரன்."

காவல்காரன் என்பது ஒரு சோதனைக் கருவி. காலியான மெமரியை உடனே அடுத்தவருக்குக் கொடுக்காமல் பூட்டி வைக்கும். ஒரே எண்ணால் நிரப்பி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கிவிடும். எவன் கை வைத்தாலும் தடம் தெரியும்.

ஏற்றினாள். மெஷின் ஓடியது. குழாயை மாட்டினார்கள். மாமா நாற்காலியில் சரிந்து, வலித்த விரல்களைச் சொடக்கிக்கொண்டார்.

அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. லேப்டாப்பில் சிவப்பு வரிகள் கொட்டின. விடுவிக்கப்பட்ட மெமரியில் எழுத்து. இடம், மூச்சுப் பதிவு.

மாட்டினாயா!

அந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். வரி வரியாக ஒரே எண். வெள்ளைச் சுவர். நடுவில் மட்டும் எண்கள் மாறியிருந்தன. கொஞ்சம் கூடி, உச்சிக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பழையபடி வெள்ளை. மறுபடி கூடி, குறைந்து. கோடாக வரைந்து பார்க்கத் தேவையே இல்லை. விரலால் தொட்டால் அசைவது தெரியும் போலிருந்தது.

காலியான இடத்துக்குள் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

உயிருள்ள மெமரியில், அக்காவுக்கென்று கொடுத்த இடத்தில், இன்னொரு மூச்சு ஓடியது. அது பலமாக, தாராளமாக, மோட்டாரை இழுத்த இழுப்புக்கு ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. காலியிடத்து மூச்சு பலவீனம். பெரிய மூச்சு இழுக்கும்போது சின்னது ஒதுங்கி நின்றது. அது விட்ட இடைவெளியில் அவசரமாக, திருடுவது போல, ஒரு வாய் இழுத்தது.

மின்சாரம் போனால் இந்த மெமரியில் ஒன்றும் தங்காது. அது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து எத்தனை முறை அணைத்துப் போட்டாயிற்று? பெரியவர் எப்படி இன்னும்...

வேண்டாம். அந்த யோசனை வேண்டாம்.

"இப்ப உறையவே இல்லையே," என்றார் மாமா. "காவல்காரன் இருந்தா போதும்போல. அப்படியே விட்டுடேன்."

"முடியாது மாமா. காலியான இடத்தையெல்லாம் பூட்டிப் பூட்டி வெக்குது. ராத்திரிக்குள்ள மெமரி மொத்தமும் தீந்துடும். அப்புறம் அணைச்சுப் போட்டாக்கூட எழுந்துக்குமான்னு சொல்ல முடியாது. சரி பண்ணியே ஆகணும்."

"அப்ப பண்ணு. உங்கக்காவுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

விடுவித்த இடத்தைத் தொட்டவன் குற்றவாளி. அவள் தொழிலில் முதலில் பழகுகிற பாடம் அது. கள்ளச்சாவியைச் செல்லாததாக்கு; காலியான இடத்தை அந்தக் கணமே அழி. சின்ன மாற்றம்தான், மெஷினை நிறுத்தாமலே ஏற்றிவிடலாம். எழுதி முடித்த பிறகும் விரல் மட்டும் கீழே இறங்க மறுத்தது.

ஐயா, உங்களுக்கு நேரம் முடிந்துவிட்டது, என்று மனதுக்குள் சொன்னாள். இது எங்கள் அக்காவின் இடம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அழுத்தினாள்.

வெள்ளைச் சுவர் முழுதாக வெள்ளையானது.

அப்புறம் ஒரு ஓரத்தில் எண் மாறியது. கூடியது. உச்சிக்குப் போவதற்குள் அழிந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி. பாதி மூச்சு. அழிந்தது. இன்னொரு மூலையில். கால் மூச்சு. அழிந்தது. பூட்டிய கதவைத் தட்டுவது போல அங்கே, இங்கே, அங்கே. அவள் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள். வாயில் இரும்புச் சுவை. முடிந்துவிடு. தயவுசெய்து முடிந்துவிடு.

"உங்கக்கா கண்ணோரம் ஈரமா இருக்கு பாரு," என்று மாமா பின்னாலிருந்து சொன்னார். துண்டின் நுனியால் ஒற்றி எடுப்பது கேட்டது. "ஏன்டி அழுவுற? உன் தங்கச்சிதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டாளே."

ஒரே ஒரு எண் மாறியது.

நின்றது.

வெள்ளை.

பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளை. வெள்ளை. வெள்ளை. காவல்காரனை இறக்கிவிட்டுப் பழையபடி ஓட விட்டாள். மெஷின் உறையவில்லை. பச்சைக் கோடு வழுவழுவென்று ஏறி இறங்கியது. காலையிலிருந்து முதல் முறையாக அந்த அறையில் மூச்சுச் சத்தம் சீராகக் கேட்டது. தாராளமாக. பலமாக. கொஞ்சம் அதிகப் பலமாக.

"பூச்சி!"

மாமாவின் குரல் உடைந்திருந்தது.

"கையைப் புடிச்சா! என் கையைப் புடிச்சா பூச்சி! சத்தியமா... இங்க வா, இங்க வந்து பாரேன்!"

அவள் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. அந்த நேரத்தில்தான் சுடிதார்ப் பையில் போன் அடித்தது. சர்வீஸ்காரர். எடுத்துக் காதில் வைத்தாள், கண்ணைக் கட்டிலிலிருந்து எடுக்காமல்.

"மேடம், ஓடுதா?"

"ஓடுது."

"நல்லவேளை. ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு, அதான் கூப்பிட்டேன். அந்தப் பெரியவரோட மெஷின் எங்க குடோன்லதான் கிடக்கு, இப்பதான் கண்ணால பாத்தேன். உங்களுக்கு வந்தது புத்தம் புதுசு மேடம். அட்டைப்பெட்டி நசுங்கிடுச்சுன்னு நம்ம புத்திசாலிங்க அவரோட பெட்டில போட்டு அனுப்பிட்டாங்க. சந்தோஷமான சமாச்சாரம்தானே? அந்த மெஷின்ல உங்கக்காவைத் தவிர யாரும் மூச்சே விட்டதில்ல."

போன் காதிலேயே இருந்தது.

இடத்தை யார் தொட்டது என்று பார்த்தாள். அதை யார் காலி செய்தது என்று பார்க்கவில்லை. அந்தச் சின்ன மூச்சு அக்காவுடையது. அக்கா காலி செய்யவே இல்லை. அவள் இருக்கும்போதே, அவள் பெயரில், வேறு ஒன்று காலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா வெளியே நின்று காலையிலிருந்து தட்டியிருக்கிறாள். தங்கச்சி கேட்பாள் என்று தட்டியிருக்கிறாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

மாமா சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார்.

கட்டிலில் அக்காவின் வலது கை எழுந்திருந்தது. நெற்றியைத் தொட்டது. மூக்கை, உதட்டை, தாடையைத் தடவிக்கொண்டு வந்தது. கழுத்தை நீவியது. தோள்பட்டையில் நின்று, தோலைக் கொஞ்சம் கிள்ளி இழுத்து விட்டது, துணிக்கடையில் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்களைப் போல.