மணல்திட்டில் காணாமல் போன கூடுகள்

சனிக்கிழமை, காலை 6.10. சீகு காயலின் மணல்திட்டில் ஆலா என்ற கடற்பறவை மணலில் கட்டிய மூன்று கூடுகள் காலி. அடையாளத்துக்கு எண் எழுதி நட்ட மூங்கில் குச்சிகள் நிற்கின்றன, முட்டைகளைக் காணோம்.

பறவைக் காவல் குழுத் தலைவர் டெங், பள்ளி ஆசிரியர், கொதித்துக்கொண்டிருந்தார். "சிப்பிக்காரி பாவ்-சு வேலைதான் சார்ஜென்ட்! அவ காலடி அங்கங்க கிடக்கு. இனி அவ படகு இங்க ஒதுங்கவே கூடாது. எழுதுங்க!"

கடலோரக் காவல் சார்ஜென்ட் ஷியே எழுதவில்லை. அந்த அம்மாளுக்குக் கொட்டாவிதான் வந்தது.

படகோரம் பாவ்-சு கைகட்டி நின்றாள். இங்கே ஒதுங்க முடியாவிட்டால் காயலில் அவள் சிப்பி வளர்க்கும் பந்தல்கள் அதோகதிதான். ஆனால் அவள் கண்ணெல்லாம் ஏறிவரும் தண்ணீரில் இருந்தது.

"முட்டையை எடுத்தியாக்கா?"

"திருடல."

"வேற யாராச்சும் வந்தாங்களா?"

பாவ்-சு மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். ஷியே டெங்கிடம் திரும்பினார்.

"கடைசியா எப்ப எண்ணினீங்க?"

"போன சனி. தூர நின்னு தொலைநோக்கியில. கூட்டைத் தொட்டா குற்றமாச்சே."

"வேற மாற்றம்?"

"மேட்டுல புதுசா மூணு கூடு வந்திருக்கு. அந்தமட்டுக்கும் நிம்மதி."

ஷியே தொலைநோக்கியை மேட்டுக்குத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். அடடா, அந்த முகம் மலர்ந்ததே!

"வாத்தியாரே, ஆலா முட்டை பொரிக்க எத்தனை நாள்?"

"மூணு வாரம்."

"ஒரு வாரத்துக்குள்ள போட்ட முட்டையிலேர்ந்து குஞ்சு எப்படி எட்டிப் பாக்குது?"

டெங் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க குச்சியைத் தேடினீங்க, பறவையைப் பாக்கல. கூடு திருடு போகல, நகர்ந்திருக்கு. இன்னைக்குப் பத்தரைக்குப் பௌர்ணமி ஓதம், தண்ணி இந்தக் குச்சி வரைக்கும் ஏறி முழுக்கிடும். தினம் எவ்வளவு நகர்த்தினக்கா?"

"ரெண்டு முழம் சார்ஜென்ட்மா," பாவ்-சு அழுதுவிட்டாள். "ஒரே தடவைல அதுக்கு மேல போனா தாய் தேடி வராது. உங்ககிட்ட சொன்னா தொடாதேம்பீங்க. முங்கட்டும்னு விட மனசு வரல. ஒன்பதாம் நம்பர் குச்சிக்கிட்ட இருக்கிற கூட்டை நேத்துதான் பார்த்தேன், மேட்டுக்கு இன்னும் நாலு முழம் பாக்கி. அதை முடிச்சுட்டு என்னைப் பிடிச்சுட்டுப் போங்க."

மணி 7.05. தண்ணீருக்கும் ஒன்பதாம் கூட்டுக்கும் பத்தடிதான் இடைவெளி.

டெங் செருப்பைக் கழற்றினார். "மன்னிச்சுடுங்கக்கா. எப்படித் தூக்கணும்?"

"தூக்காதீங்க. மண்ணோட அள்ளுங்க."

முட்டைகளில் வெயில் படாமல் ஷியே தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். இரண்டு முழம். தள்ளிப் போய்க் காத்திருந்தார்கள். தாய் வந்து உட்காரும்வரை மூவரும் மூச்சுகூட விடவில்லை. மறுபடி இரண்டு முழம்.

10.30. ஓதம் குச்சிகளையெல்லாம் முழுக்கிவிட்டு, ஒன்பதாம் கூட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஆலா அசையாமல் அடைகாத்தது.

ஷியே குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: கூட்டைத் தொட்ட குற்றவாளிகள், மூவர்.