நதி காணாமல் போன பெட்டி

ஹெட்விக் ஓல்டன் நாற்காலியைக் காட்டினார். ஃபோல்கர் உட்காரவில்லை. நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினார்.

“என் புது ஆட்டத்தோட பெட்டி இருக்கு மேடம். காய்கள் இருக்கு. பலகையும் சீட்டுகளும்தான் இல்ல. நாளைக்கு எஸ்ஸென் பலகை ஆட்டக் கண்காட்சியில அதை வச்சுத்தான் ஒப்பந்தம். நான் எதைக் கொண்டுபோய் மேஜையில விரிக்கிறது? என் தலையையா?”

ஹெட்விக் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த வீட்டையும் எரித்த வீட்டையும் பிரித்தறிந்தே பழகிய கண். காஸல் நகரில் போலீசுக்குப் போகத் தயங்குகிறவர்கள் அவரிடம் வருவார்கள். கீழ்வீட்டு டெட்லெஃப், டாக்ஸி ஓட்டிக் களைத்த மனிதர், அழைப்பு மணி கேட்டாலே மேலே ஓடிவந்துவிடுவார்; இன்றும் வந்திருந்தார்.

“நேத்து வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?”

“ரெண்டே பேர். ஸில்கே, பதிப்பகத்துல ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கிறவ. அப்புறம் கெர்னோட், மருந்துக்கடை வச்சிருக்கான். கல்லூரியிலேருந்து என் சிநேகிதன்.”

“ஸில்கேதான், அக்கா!” டெட்லெஃப் துள்ளினார். “போட்டிக் கம்பெனிக்கு வித்திருப்பா.”

“நீ போய்க் காபி போடு.”

ஃபோல்கர் தொடர்ந்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவர். முதல் ஆட்டமே பெரிய விருது வாங்க, வேலையை விட்டார். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் கடைக்கு வந்தன. பிறகு ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவாக விற்றது. கடைசி ஆறு வருடங்களாக எந்தப் பதிப்பகமும் அவருக்குப் பதில்கூடப் போடவில்லை. இந்த ஆட்டம்தான் மறுபடி கதவைத் திறந்தது. வேசர் ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஊர் சேர்ப்பது. ஆற்றின் நீரோட்டத்துக்கு ஆட்டக்காரர்கள் ஏலம் கேட்பது.

“ஆடி முடிச்சதும் நான் வெங்காய ரொட்டியை அடுப்புல வைக்கப் போனேன். ஸில்கே வாசல் பக்கம் ஃபோன்ல பேசிட்டிருந்தா. கெர்னோட் எடுத்து அடுக்கினான். சாப்பிட்டோம், போயிட்டாங்க. காலையில பெட்டியைத் தூக்கினேன், கனம் சரியாத்தான் இருந்துச்சு. திறந்தா, உள்ள என்னோட முதல் ஆட்டத்துப் பலகையும் சீட்டுக்கட்டும்! என் அலமாரியிலேருந்து எடுத்து வச்சிருக்காங்க.”

“ஸில்கே இதுக்கு முன்னாடி இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்காங்களா?”

“கோடையில ஒரு வாரம் அவகிட்டதான் இருந்துச்சு.”

ஹெட்விக் காபியை மெதுவாக உறிஞ்சினார். ஃபோல்கருக்கு அந்த நிதானம் எரிச்சலாக இருந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதும் கைக்குட்டையை முறுக்குவதுமாக நின்றார்.

“மத்தியானம் அவங்க ரெண்டு பேரையும் உங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க.”

மழை விடவில்லை. ஃபோல்கரின் சமையலறை மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஸில்கேயின் முகம் வெளுத்திருந்தது.

“சார், நான் எதுக்கு எடுக்கணும்? நாளைக்கு அந்த மேஜை காலியா இருந்தா முதல்ல என் வேலைதான் போகும். இந்த வயசுல இவருக்கு ஒரு வாய்ப்பு குடுங்கன்னு கெஞ்சினதே நான்தான்.”

“இந்த வயசுலயா?” என்றார் ஃபோல்கர்.

“கோவிச்சுக்காதீங்க. அவங்க சொன்னதைச் சொல்றேன்.”

கெர்னோட் தன் பெரிய கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். “நான்தான் அடுக்கினேன். உப்பையெல்லாம் பையில போட்டு முடிஞ்சேன், பலகையை மடிச்சேன், மூடினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“கேட்டீங்களா? அவன் மேல சந்தேகமே வேண்டாம்,” ஃபோல்கர் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரும்பினார். “என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்.”

ஹெட்விக் பெட்டியிலிருந்த துணிப்பையை அவிழ்த்து மேஜையில் கொட்டினார். பழுப்பு நிறக் குச்சிகள் உருண்டன. ஒன்றை எடுத்து ஸில்கேயிடம் நீட்டினார். “இது என்ன?”

“மரக்கட்டை.”

“ஃபோல்கர், உங்களுக்கு?”

“மரக்கட்டைதான். இதென்ன கேள்வி?”

“கெர்னோட் சார், நீங்க மட்டும் இதை உப்புன்னு சொன்னீங்களே. ஏன்?”

டெட்லெஃப் வாய் பிளந்தார். கெர்னோட்டின் கைகள் மேஜையிலிருந்து இறங்கின.

“வாய் தவறியிருக்கும்,” என்றார் ஃபோல்கர் அவசரமாக.

“இருக்கலாம்,” ஹெட்விக் குரலை உயர்த்தவில்லை. “ஆனா யோசிச்சுப் பாருங்க. ஆட்டத்தைத் திருட நினைக்கிறவங்களுக்குப் பலகை எதுக்கு? ஸில்கேகிட்ட ஒரு வாரம் இருந்துச்சு, அப்பவே எல்லாத்தையும் படம் பிடிச்சிருக்கலாம். எடுத்தவங்களுக்கு ஆட்டம் வேண்டியதில்ல. அதை நாளைக்கு யாரும் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். உங்க அலமாரியில எது எங்க இருக்கும்னு தெரிஞ்சவங்க. ராத்திரியே நீங்க கண்டுபிடிச்சுப் பதறக் கூடாதுன்னு கனத்துக்குக் கனம் வச்சவங்க. எதிரி அவ்வளவு மெனக்கெட மாட்டான். பெட்டியை அடுக்கினவர் ஒருத்தர்தான். அவர் மனசுல வேற ஒரு ஆட்டம் இருந்திருக்கு. மரம் ஓடாத, உப்பு ஓடுற ஆட்டம்.”

கெர்னோட் எழுந்து வெளியே போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கம்பளியில் சுற்றிய பலகையையும் சீட்டுகளையும் மேஜையில் வைத்தார்.

“நோர்டர்னை தீவு ஞாபகமிருக்காடா? உனக்கு விவாகரத்து ஆன வருஷம். நீ குடிச்சுக் குடிச்சு விழுந்து கிடந்தே. மழை. விடுதிக்கார அம்மா, ஆல்மூட், தானே செஞ்ச ஒரு ஆட்டத்தைக் கொண்டு வந்தாங்க. லூனெபுர்க் ஊர் உப்பை ஆத்துல படகேத்தி அனுப்புறது. தண்ணியோட ஓட்டத்துக்கு ஏலம்.”

“பொய்!” ஃபோல்கர் மேஜையில் அறைந்தார். குச்சிகள் தரையில் சிதறின. “மூணு வருஷம்டா! ராத்திரி பகலா உட்கார்ந்து செஞ்சேன். எனக்கு எதுவும் ஞாபகமில்ல!”

“எனக்கும் நேத்து வரைக்கும் ஞாபகமில்ல. நீ ஏலத்தை விளக்குறப்பதான் பொட்டுன்னு வந்துச்சு. இவங்க எதிர்ல எப்படிச் சொல்றது? ஆறு வருஷம் கழிச்சு நீ சிரிச்சிட்டு இருந்தே. நாளைக்கு அந்தக் கூட்டத்துல யாராவது ஒருத்தர் திருடன்னு சொல்லிட்டா நீ தாங்க மாட்டே.”

“அதனால நீ திருடினியா?”

“ஆமா. வேற வழி தோணல. உப்புக்கு அந்தம்மா சர்க்கரைக் கட்டி வச்சிருந்தாங்கடா. உன் கை ஈரம் பட்டுக் கரைஞ்சு பலகையெல்லாம் பிசுபிசுன்னு...”

ஃபோல்கர் நின்ற இடத்திலேயே நின்றார். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். அந்தப் பிசுபிசுப்பு விரல் நுனியில் வந்துவிட்டது. அதன் பின்னால் மஞ்சள் விளக்கும், ஜன்னலில் அடித்த கடல் மழையும், ஆட்டத்தில் தான் தோற்றதைப் பார்த்துச் சிரித்த ஒரு பெண்ணின் குரலும் வரிசையாக வந்தன.

“ஐயோ,” என்றார் மெல்ல.

ஸில்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நாளைக்கு அந்த மேஜையில வேற ஆட்டத்தை வச்சுக்கறேன். திட்டு வாங்கறது எனக்குப் புதுசில்ல. நீங்க முதல்ல அவங்ககிட்ட பேசுங்க சார்.”

விடுதியின் எண்ணை டெட்லெஃப் தேடிக் கொடுத்தார். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தவர் ஆல்மூட்தான். ஃபோல்கர் தன் பெயரைச் சொன்னார், செய்ததைச் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. ஃபோனின் ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.



“அந்தச் சர்க்கரைக் கட்டி ஆட்டமா?” என்றார் ஆல்மூட். “அதை நான் பரண்ல தூக்கிப் போட்டுட்டேனே. யார் கடைசியா ஏலம் கேட்கிறாங்களோ அவங்கதான் ஒவ்வொரு தடவையும் ஜெயிப்பாங்க. என்ன செஞ்சும் அது மட்டும் எனக்குச் சரியா வரவே இல்ல.”

“நான் சரி பண்ணிட்டேம்மா.”

“நெஜமாவா?” நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “பெட்டியில யார் பேர் போடுறது, வழக்குப் போடுறது எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல அதை நீ எப்படிச் சரி பண்ணினேன்னு சொல்லு.”