குரல் கொடுத்தவள்

மௌன தியானம் முடிந்த கையோடு அக்காவும் தங்கையும் மலை ஏறினார்கள்.

அக்கா காரை ஓட்ட, தங்கை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். தியான மையத்தில் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, அடுத்தவர் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது. மருத்துவமனை வரவேற்பு மேசையில் நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவளை வாயைக் கட்டி உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அடக்கி வைத்ததெல்லாம் இப்போது மடை திறந்து கொட்டியது. அக்காவோ வழக்கறிஞர். கோர்ட்டில் அவள் எழுந்து நின்றாலே எதிர்த்தரப்புக்கு நாக்கு வறளும். அப்பேர்ப்பட்டவள் வழி நெடுகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

தங்கைக்கு மனசு நிறைந்திருந்தது. அம்மா இறந்த வீட்டில் வார்த்தை தடித்து இருவரும் பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் அத்தான் இதே மலையில் சரிவில் விழுந்து இறந்தபோதுகூட, அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. யாரையோ எதிர்பார்க்கிறவள் மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் திடீரென்று போன் செய்து, "குட்டி, என்கூட வருவியா?" என்று கேட்டாள். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. முதலில் தியானம், பிறகு மலையில் கொஞ்சம் ஓய்வு என்றாள். ஏன் எதற்கென்று தங்கை கேட்கவில்லை. கணவனிடமும் மகளிடமும் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள்.

சாலை முடிகிற இடத்தில் வீடு இருந்தது. கருங்கல் சுவர், துருப்பிடித்த தகரக் கூரை. பின்பக்கம் ஒரு முள்வேலி. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் பள்ளம். அத்தான் கடைசியாகத் தங்கிய வீடு அதுதான் என்று இறங்கும்போதுதான் அக்கா சொன்னாள். மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்றாள். தங்கை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

காவல்காரர் சாவியைப் படியிலேயே நின்று நீட்டினார். வாசலைத் தாண்டவில்லை. தங்கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா, உள்ள போனா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கிளம்புங்க," என்றாள் அக்கா.

உள்ளே போனதும் அக்கா வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டால் தலையாட்டல். குளிருகிறதா என்று கேட்டால் கையசைப்பு. மௌனம் தொற்றிக்கொண்டுவிட்டதா என்று தங்கை கேலி செய்ததற்கும் ஒரு புன்னகைதான்.

மதியம் பனிமூட்டம் இறங்கியது. முதலில் வேலி மறைந்தது, பிறகு மரங்கள், பிறகு ஜன்னலுக்கு வெளியே இருந்த எல்லாமும். பகல் பகலாகவே இல்லை. தங்கை முன்னறையில் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது. காயாத துணியை மூட்டை கட்டிப் பல நாள் போட்டு வைத்த வாடை.

"குட்டி."

பின்னறையிலிருந்து அக்காவின் குரல்.

"குட்டி, இங்க வாயேன்."

அப்பாடா, வாய் திறந்துவிட்டாள் என்று தங்கைக்குச் சிரிப்பு வந்தது.

"இதோ வரேன்க்கா," என்று குரல் கொடுத்தாள்.

நடை நீளமாக இருந்தது. போகப் போக வாடை கூடியது. பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு இரும்புக் கட்டில், தூசி.

யாரும் இல்லை.

பக்கவாட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பனிக்குள் கார் மங்கலாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் அக்கா, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

தங்கையின் பிடரியில் ஈரமான மூச்சு பட்டது.

"வந்துட்டியா," என்றது அக்காவின் குரல்.

எப்படி வெளியே வந்து விழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அக்கா தூக்கிவிடவில்லை.

"பதில் சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

தங்கை தலையாட்டினாள். அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. தூக்க முடியாத சுமையை இறக்கி வைத்தவளின் முகம் அது. அதைப் பார்த்ததும் தங்கை தரையிலேயே பின்னால் நகர்ந்தாள்.

அதன் பிறகு அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வீட்டில் இருக்கிற ஏதோ ஒன்று அக்காவின் குரலில் அத்தானைக் கூப்பிட்டிருக்கிறது. அவர் பதில் சொல்லிக்கொண்டே வேலியைத் தாண்டிப் போய்விட்டார். அவரைத் தேடியபோது அவர் குரலில் அக்காவைக் கூப்பிட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று அவளும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அது அவள் பின்னாலேயே வந்தது. மொட்டை மாடி விளிம்பிலிருந்து, ஓடும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து, அவளுக்குப் பிரியமானவர்களின் குரலிலெல்லாம் கூப்பிட்டது. பதில் சொல்லாமல் இருக்கப் பழகத்தான் அவள் திரும்பத் திரும்ப மௌன தியானத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அது நெருங்குவது குறைந்ததே தவிர, விட்டுப் போகவில்லை. அந்த வீட்டில் வேறொருவர் அதற்குக் குரல் கொடுத்தால்தான் விடும் என்று காவல்காரர் சொல்லியிருக்கிறார்.

"தெரிஞ்சேதான் என்னைக் கூட்டிட்டு வந்தியா?"

"எனக்கு எத்தனையோ பேரைத் தெரியும் குட்டி. நான் கூப்பிட்டா ஏன்னு கேக்காம வர்றது நீ ஒருத்திதான்."

"அப்ப அந்தத் தியானம்?"

"அது உனக்காக. பேசாம இருக்கப் பழகிக்கோன்னுதான். என்னால செய்ய முடிஞ்சது அவ்வளவுதான்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பயப்படாத. இந்த வீட்டை விட்டு வெளிய அது இன்னொருத்தர் காதுக்குக் கேக்காது. உன் வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். தங்கை கண்ணாடியைத் தட்டத் தட்ட, வண்டி பனிக்குள் போய் மறைந்தது.

தங்கை சாலையோடு நடந்தாள். ஒரு கை தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வளைவில் குரல் கேட்டது.

"குட்டி, மனசு கேக்கலடி. வண்டியை நிறுத்திட்டேன். வா."

அவள் நின்றாள். பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"குட்டி."

ஸ்வெட்டரின் கையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒருவேளை அது நிஜமாகவே அக்காவாக இருந்திருக்கலாம். எதுவாக இருந்தால் என்ன, அவளுக்கு இனி இரண்டும் ஒன்றுதான். சாலையில் அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டாள். பனி விலகிய பிறகு காவல்காரர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், தோளைப் பிடித்துக் கீழே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

ஊர் திரும்பியதும் வரவேற்பு மேசையை விட்டுவிட்டு, ஆள் வராத கிடங்குக்கு மாறிக்கொண்டாள். முகத்தை நேரில் பார்க்காமல் யாருக்கும் பதில் சொல்வதில்லை. தியானம் செய்து சாமியாராகிவிட்டாள் என்று கணவன் முதலில் கேலி பேசினான். பிறகு கேலியையும் நிறுத்திவிட்டான். தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து செத்துப்போன அம்மா கூப்பிட்டாள். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து கணவன் கூப்பிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்து போகப் பழகிவிட்டாள். அக்காவின் எண் போனில் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள். நல்ல வெயில். கணவன் கடைக்குப் போயிருந்தான். கீழறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு, காலையிலிருந்து ஒரு குரலும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வாடையும் இல்லை. பிடரி லேசாக இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாடா என்று இருந்தது.

"இதோ வரேம்மா," என்றது மகளின் குரல், கூடத்திலிருந்து.

அவள் கூப்பிடவே இல்லை. வேறு யார் காதுக்கும் கேட்காது என்று அக்கா சொன்னது பொய்த்துவிட்டது.

கையிலிருந்த துணி நழுவியது. மகளின் காலடி கூடத்தைக் கடந்து மாடிப்படியில் தடதடவென்று ஏறியது. மொட்டை மாடியை நோக்கிப் போனது.

"போகாத, நில்லு!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

காலடி நின்றது. படியின் மேல் வளைவிலிருந்து மகள் குழப்பத்தோடு கேட்டாள்.

"அம்மா, நீ மேல இருக்கியா, கீழ இருக்கியா?"

தங்கை வாய் திறப்பதற்கு முன்னால், மொட்டை மாடியிலிருந்து அவளுடைய சொந்தக் குரலே, அவளைவிடக் கனிவாக, பதில் சொன்னது.

"மேலதான்மா. வா."