ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

இந்த வாரத்து நீலப் புள்ளி தையல் தழும்புக்குக் கீழே விழுந்திருக்க வேண்டும். மேலே விழுந்தது.

தையல்காரியின் வலது மணிக்கட்டில் ஜன்னல் கண்ணாடி இறங்கி நரம்பு அறுந்து ஒரு மாதம் ஆகிறது. அறுந்த முனையை அப்படியே விட்டால் போக்கிடம் தெரியாமல் சுருண்டு முடிச்சாகிவிடும், அப்புறம் துணி உரசினாலே உயிர் போகும் என்றார் டாக்டர். இடைவெளியில், இறந்துபோன யாரோ ஒருவரின் நரம்புத் துண்டை வைத்து இணைத்தார்.

"நரம்புக்கு வழி காட்டிட்டா போதும்மா. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், தானா வளர்ந்து விரலுக்குப் போயிடும்."

ஞாயிறுதோறும் வயர்மேன் கணவன் அவள் கையைத் தட்டிப் பார்ப்பான். எங்கே தட்டினால் சுரீர் என்கிறதோ, அதுவரை நரம்பு வந்துவிட்டதாகக் கணக்கு. அங்கே பேனாவால் புள்ளி வைப்பான்.

"கரண்டு எதிர்ப்பக்கம் ஏறுதே! வயர மாத்திக் குடுத்துட்டாரா உன் டாக்டர்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம். தையல் மெஷின் எண்ணெய் வாசமும் இஸ்திரிப் பெட்டியின் சூடும் கலந்து, மூடிய அறைக்குள் மூச்சு முட்டும் புழுக்கத்தில், அளவு நாடாவை வழக்கம்போல் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், மேஜைமேல் துணி சரசரக்கும் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினாள். மரத்துப்போன அவளுடைய வலது விரல்கள் ஒரு சட்டையைத் தடவிக்கொண்டிருந்தன. காலரைத் தேடி, பிடித்து, சுருட்டி, இறுக்கின. கை அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

இடது விரலால் தட்டிப் பார்த்தாள். முழங்கை. இல்லை, அதற்கும் மேலே. சுரீர்.

ஞாயிறன்று தழும்பை ஒட்டி இருந்தது. இரண்டே நாளில் ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தது. இறந்தவரின் அந்தத் துண்டுக்கும் டாக்டர் வழி காட்டிவிட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தோளைத் தாண்டுவதற்குள் டாக்டர் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். வியாழன்வரை தாங்காது.

வாசலுக்கு ஓடினாள். இடது கையால் தாழ்ப்பாளை நீக்கினாள். வலது கை அதை மீண்டும் போட்டது. நீக்கினாள். போட்டது. மூன்றாம் முறை இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய கைக்கு என்றுமே இல்லாத பலம்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். சாப்பாட்டு டப்பாவின் கிணுகிணுப்பு. கணவன்தான்.

"கதவத் திற. உள்ள என்ன பண்றே?"

"என்னங்க..." என்று தொடங்கியதும் வாய் மூடப்பட்டது. அவளுடைய வலது உள்ளங்கைதான். சில்லென்று இருந்தது.

"தூங்குறியா? உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கும்மா. நான் எப்படி வர்றது?"

இடது கையால் கதவைத் தட்டினாள். ஒரு முறை. மறுபடி தட்ட முடியவில்லை. வலது தோளில் சுரீர் என்றது. பிறகு காறை எலும்பில். பிறகு கழுத்தடியில். இடது கையும் மரத்துத் தொங்கியது.

வாயை விட்டது. நாடாவைத் தொட்டது.

கழுத்தளவு எடுக்கும்போது நாடாவுக்குள் இரண்டு விரல் விட்டு அளப்பது அவள் பழக்கம். இல்லையென்றால் சட்டை மூச்சை அடைக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். வலது கை இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தது. சுருட்டியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"தட்டினியே, இருக்கியா?"

விரல் விடாமல் அளந்தது.