பின்சீட்டின் சூடு

காலையில் அணைத்த வண்டியின் பின்சீட் மத்தியானம் ஆகியும் சூடாகவே இருந்தது.

சீட் தைக்கிறவளுக்கு அது முதலில் உறைக்கவில்லை. குனிந்து கடைசி மடிப்பை உள்ளே தள்ளி ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, முழங்கை பட்ட இடத்தில், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல ஒரு வெதுவெதுப்பு. வெயில் என்று நினைக்க வழியில்லை. வெளியே விடாத மழை. இன்ஜின் சூடாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த வண்டிக்கு இன்ஜின் பின்னால்தான், சீட்டுக்கு முதுகு கொடுத்தாற்போல. எழுந்து போய்ப் பின்மூடியைத் தூக்கி இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் கட்டியைத் தொட்டதுபோல் சில்லென்றிருந்தது. திரும்பி வந்து சீட்டில் கை வைத்தாள். சூடு அப்படியே இருந்தது.

வேலை கிடக்கிறது என்று ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஆமை முதுகு மாதிரிக் குனிந்த பழைய கார். முன்மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கும் பள்ளம், பின்மூடியைத் திறந்தால் இன்ஜின். "தலைகீழாப் பொறந்த புள்ள" என்று பட்டறை நடத்தும் அவள் அண்ணன் அதைக் கொஞ்சுவான். பெட்ரோலுக்கென்று செய்த வண்டி அது. எந்தக் காலத்திலோ ஒரு தொழிற்சாலை சோதனைக்காகச் சில டீசல் இன்ஜின்களைச் செய்து இந்த மாதிரி வண்டிகளில் பொருத்திப் பார்த்து, சரிப்பட்டு வராது என்று எல்லாவற்றையும் உடைக்கச் சொல்லிவிட்டதாம். அதில் ஒன்று எப்படியோ தப்பி, பல கை மாறி, ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டரிடம் வந்து, அவரிடமிருந்து இவர்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. ஓடினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார் பல் டாக்டர். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான் இது என்று அண்ணி அன்றைக்கே சொன்னாள். அவள் வாய்க்கு யார் பயப்பட்டார்கள்?

வண்டி வந்தபோது இன்ஜின் காற்று இழுக்கும் குழாயின் வாயில் ஒரு மரத்தக்கை இருந்தது. சும்மா செருகி வைத்ததல்ல. சுத்தியால் அடித்து இறக்கி, மேலே கம்பி சுற்றி முறுக்கியிருந்தார்கள்.

"எலி பூந்துடக் கூடாதுன்னு அடைச்சிருப்பாங்க பாப்பா," என்று அண்ணன் சிரித்துக்கொண்டே உளியால் நெம்பி எடுத்தான். நாற்பதைத் தாண்டியவளை இன்னும் பாப்பா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் இருக்கிறான். அவள் அந்தத் தக்கையைத் தன் தையல் மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் ஓரமெல்லாம் நைந்து பிசிறியிருந்தது. பலமுறை அடித்து, பலமுறை பிடுங்கிய தக்கை என்று பார்த்ததும் தெரிந்தது. அதை ஏன் பிடுங்கினார்கள், ஏன் திரும்பவும் அடித்தார்கள் என்று யோசிக்க அவளுக்கு அன்றைக்கு நேரமில்லை.

அவளுடைய கவலையெல்லாம் அண்ணனின் மூச்சைப் பற்றித்தான். ஆயுசு முழுக்கப் புகையில் நின்றவன். நெஞ்சு சளிக்கூடாகிவிட்டது, இனிமேல் புகை ஆகாது, மீறினால் ஆள் தங்கமாட்டான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ்க்கை சரிப்படாமல் பையோடு திரும்பி வந்தவளை ஒரு வார்த்தை கேட்காமல், பட்டறையின் ஒரு மூலையை ஒழித்து மெஷின் வாங்கிப் போட்டவன் அவன். அவனில்லாமல் அவளுக்கு யாருமில்லை. இருமல் இரவெல்லாம் சுவரைத் தாண்டிக் கேட்கும். இரண்டு குட்டை, ஒரு நெடியது. பிறகு கொஞ்சம் நிசப்தம். மறுபடி இரண்டு குட்டை, ஒரு நெடியது. கண்ணைக் கட்டிக் கூட்டத்தில் விட்டாலும் அந்த இருமலை வைத்து அவள் அண்ணனைக் கண்டுபிடித்துவிடுவாள்.

ஆனால் அவனுக்கொரு பழக்கம். இன்ஜினை ஓடவிட்டு, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முதுகால் கேட்பான். எங்கே தட்டுகிறது, எங்கே திணறுகிறது என்று முதுகுதான் சொல்லுமாம். சொன்னால் கேட்கிற ஆளா? ஆகவே அவள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். கதவுகளுக்குப் புதிய ரப்பர் கட்டினாள். தரைப்பலகையின் ஓட்டைகளையெல்லாம் கம்பளித் துண்டு வைத்து ஒட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே புகையென்ன, எறும்புகூட நுழையாது. ஜன்மத்தில் இவ்வளவு இறுக்கமாக எந்த வண்டியையும் அவள் தைத்ததில்லை. கதவைச் சாத்தும்போது காது அடைத்துக்கொள்ளும். அதில் அவளுக்குப் பெருமை.

அதே நேரத்தில் அண்ணன் தன் பங்குக்கு ஒன்று செய்தான். பின்னால் தூசியும் சூடுமாய் இருக்கிறதே, இன்ஜினுக்கு நல்ல காற்று வண்டிக்குள்ளேதான் கிடைக்கும் என்று, காற்றுக் குழாயை நீட்டிப் பின்சீட்டின் முதுகுக்குக் கொண்டுவந்தான். ஓட்டையை வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று மெல்லிய துணியில் ஒரு மூடியும் தைத்துப் போட்டாள்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டேங்குக்குப் பதிலாகத் தற்காலிகமாக டீசல் ஊற்றி, கொக்கியில் தொங்கவிட்ட பாட்டில் நிறைந்தபடி அப்படியே இருந்தது. "பாத்தியா, ஒரு சொட்டு கொறையல. மோந்து பாத்தே ஓடுது. இந்த மைலேஜ் தெரிஞ்சா பல் டாக்டர் எனக்குத் தங்கப் பல்லு கட்டிவிடுவாரு," என்றான் அண்ணன். அளவு பார்க்கத் தெரியாதவனா அவன்? இருந்தும் சிரித்தான். அதைவிட, அவன் இருமல் நின்றுபோயிற்று. சுத்தமாக நின்றுவிட்டது. அண்ணி அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கட்டின ரப்பர்தாம்மா அவரைக் காப்பாத்திச்சு. ராத்திரி பூரா சத்தமே இல்ல. சில நேரம் மூச்சு விடறாரான்னே தெரியல, அவ்வளவு நல்லாத் தூங்குறாரு."

அன்று அவளும் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த நாள் பின்மூடிக்குப் பக்கத்தில் நின்று ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தாள். இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கடகடவென்று போய்க்கொண்டிருந்த சத்தம் நடுவில் கொஞ்சம் தடுக்கியது. தடுக்கிவிட்டுச் சரியாயிற்று. மறுபடி தடுக்கியது. "இருமறான்," என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டு கத்தரியை ஓட்டினாள். பாதி வெட்டிய பிறகுதான் கை நின்றது. அண்ணன் எதிர்க்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தான்.

இரண்டு குட்டை. ஒரு நெடியது.

அதன்பிறகு அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க வாயைக் கிட்டே வைத்து ஊதினான். மழைக்குளிரில் எல்லோர் வாயிலிருந்தும் ஆவி போகிற நாள். கண்ணாடி மங்கவில்லை. அவன் துடைத்தான், போய்விட்டான். முகம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் கன்னம் ஒட்டி, உதடு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தான். பின்சீட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் அது சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நாற்றமும். டீசல் நாற்றம் அல்ல. பூட்டிய அறையில் வெகுநேரம் தூங்கிய ஆளின் வாய் நாற்றம்.

"அண்ணா, இந்த வண்டி வேண்டாம். திருப்பி அனுப்பிடலாம்."

"ஏன் பாப்பா, இப்பதானே சொன்ன பேச்சு கேக்க ஆரம்பிச்சிருக்கு."

"எனக்குப் பயமா இருக்கு."

"சாயங்காலம் ஒரு தடவ முதுகால கேட்டுப் பாத்துட்டு மூடிடறேன். போதுமா?"

அவளும் பழக்கதோஷத்தில், "கண்ணாடிய நல்லா ஏத்திட்டு உக்காரு," என்றாள். அந்த வார்த்தை வாயை விட்டுப் போனதை அவள் கவனிக்கக்கூட இல்லை.

நூல் தீர்ந்துபோய் வாங்கப் போனவள் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். மழைச் சத்தம் தகரக் கூரையில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, அதற்கு அடியில், வயிற்றிலிருந்து வருகிற மாதிரி, அந்த இன்னொரு சத்தம். கண்ணாடி வழியே அண்ணனின் தலை தெரிந்தது, ஸ்டீயரிங்குக்கு மேலே, நிமிர்ந்து, அசையாமல்.

"அண்ணா."

கண்ணாடியில் தட்டினாள். தலை திரும்பவில்லை.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். பூட்டவில்லை. கைப்பிடி திரும்புகிறது, கதவு வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். உள்ளிருந்து யாரோ பிடித்து இழுக்கிறார்கள். அவள் கட்டிய ரப்பர் உதடுபோல் இறுகி உள்ளே மடிந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது. உள்ளே இருக்கிற காற்றை இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கிறது. வேறு வழியில் காற்று வர அவள் ஒரு ஊசி முனையளவு இடம் விடவில்லை.

சாவியைத் திருப்பி டீசல் இன்ஜினை நிறுத்த முடியாது, இந்த மாதிரிப் பழசை. எண்ணெயை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காற்றை. பின்னால் ஓடினாள். பாட்டிலிலிருந்து வரும் குழாயைக் கத்தரியால் வெட்டினாள். டீசல் தரையில் கொட்டியது. கடைசிச் சொட்டுவரை கொட்டியது.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

சுத்தியை எடுத்தாள். கண்ணாடியை அடித்தாள். கண்ணாடி மொத்தமும் உள்பக்கமாக இழுபட்டுச் சிதறியது. காற்று அவளை உரசிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. இன்ஜின் ஒரு மடக்குக் குடித்தது. உறுமியது. அண்ணன் அசையவில்லை.

காற்றை நிறுத்த வேண்டும். எதை வைத்து? மெஷினின் காலைப் பார்த்தாள்.

தக்கையை இழுத்ததும் மெஷின் சரிந்து விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே கையை விட்டுக் கதவைத் திறந்து, பின்சீட்டில் தாவி, துணியைக் கிழிக்காமலே அதன்மேல் தக்கையை வைத்து அடித்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. தக்கை இறங்கியது.

நின்றது.

மழை மட்டும். கொட்டிய டீசலின் நெடி. அவளுடைய மூச்சு.

"அண்ணா, போதும்ணா, நின்னுடுச்சு."

அவன் நெஞ்சைப் பார்த்தாள். மெதுவாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. தாழ்ந்தது. எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். எழவில்லை. கண் திறந்திருந்தது, அவளைப் பார்த்தது, அகல விரிந்தது. உதடு கறுத்துக்கொண்டே போயிற்று. கை பின்னால் நீண்டு சீட்டைப் பிறாண்டியது. தக்கையை நோக்கி.

நைந்த ஓரம். பலமுறை அடித்தது. பலமுறை பிடுங்கியது. அவளுக்கு முன்னால் இதே சீட்டில் யாரோ, இதே மாதிரி மண்டியிட்டு.

பிடுங்கினாள்.

சாவியில் யார் கையும் இல்லை. இன்ஜின் தானாகப் புரண்டது. ஓட ஆரம்பித்தது. துணி மூடி உள்ளே ஒட்டியது, வெளியே உப்பியது. உப்பும்போது அண்ணனின் நெஞ்சு எழுந்தது. ஒட்டும்போது தாழ்ந்தது.

ஷட்டருக்கு வெளியே குடை மடக்கும் சத்தம்.

"என்னங்க, மறுபடியும் இருமல் ஆரம்பிச்சிருச்சா?" அண்ணியின் குரல். "தெருமுனை வரைக்கும் கேக்குது. விட்டுடுச்சுன்னுல நெனச்சேன். ஈரத்துல உக்காந்தா இருமாம என்ன செய்யும், எழுந்து வாங்க."

அண்ணன் மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவன் வாய் மூடியே இருந்தது. அவள் முகத்துக்கு நேரே துணி சூடாக உப்பியது.

இரண்டு குட்டை. ஒரு நெடியது.

அவள் கையில் தக்கை. வெளியே அண்ணி குனிந்து ஷட்டரைத் தூக்க ஆரம்பித்தாள்.