ஏழாம் நம்பர் வெங்காயம்

வண்டுவின் தோள்பட்டைகள் கழன்று விழுவதுபோல் வலித்தன. விடிந்ததிலிருந்து பள்ளி மணி அடிக்கும்வரை அவளும் அப்பாவும் வெங்காய மூட்டைகளைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டிருந்தார்கள். நாற்பது மூட்டை. சீக்கிரம் விற்காவிட்டால் அத்தனையும் அழுகும்.

ஓயாமல் ரீங்காரம் போடுவதால்தான் அவளுக்கு வண்டு என்று பெயர். அன்று மாலை அம்மா வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் அவள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் சமையலுக்கு வெங்காயம் வாங்கப் போகிறது. பன்னிரண்டு விவசாயிகள் சோதனைக்கு மாதிரி வெங்காயம் கொடுத்திருந்தார்கள். யார் வெங்காயத்தில் சத்து அதிகமோ, அந்த மூன்று பேரிடம்தான் வாங்குவார்களாம். வெங்காயத்தை உரித்து, நறுக்கி, நம்பர் ஒட்டுவது அம்மாவின் வேலை. ஏழாம் நம்பர் வண்டு வீட்டுடையது. அது சோதனை செய்யும் ஆய்வாளருக்குத் தெரியாது.

வெங்காயச் சாற்றை இயந்திரத்துக்குள் விட்டால், பொடி அடைத்த ஒரு மெல்லிய குழாய் வழியாக அது தள்ளப்படும். பள்ளி விட்டதும் சில பிள்ளைகள் ஓடுவார்கள், சிலர் கதை பேசிக்கொண்டே வருவார்கள் இல்லையா? அதுபோல ஒவ்வொரு பொருளும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும். ஃபிளேவனாய்டு என்ற சத்து வரும்போது திரையில் ஒரு மலை எழும். பெரிய மலை என்றால் நிறையச் சத்து.

"ஏழு தேறாதுக்கா," என்றார் ஆய்வாளர். "மலையா இது? எறும்புப் புத்து மாதிரி இருக்கு."

அம்மா கண்ணாடிக் குடுவையைத் தேய்த்தார். ஏற்கெனவே தேய்த்த குடுவை அது.

வண்டு வழக்கம்போல் உரித்த வெங்காயத் தோல் போட்டிருந்த பைகளை எடுத்தாள். வெங்காயத் தோலைக் கொதிக்க வைத்து மஞ்சள் மை செய்வது அவள் பொழுதுபோக்கு. பன்னிரண்டு பைகளிலும் நம்பர் இருந்தது. ஏழாம் பை மட்டும் கனத்தது.

"அம்மா, நம்ம பையில தோல் மட்டும் இல்ல. சதையும் ரெண்டு அடுக்கு கிடக்கு."

அம்மா குரலைத் தாழ்த்தினார். "நம்ம வீட்டுது அழுக்கா போகக் கூடாதுன்னு கொஞ்சம் சுத்தமா உரிச்சேன். அதுக்கென்ன?"

"மை செய்யும்போது வெளிப்பக்கம்தான் நல்லா நிறம் விடும். நடுவுல இருக்கிறது வெறும் தண்ணி. சத்தும் அப்படித்தான் இருக்குமோ?"

அம்மாவின் கை நின்றது. "வாயை மூடு. தப்பா உரிச்சேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்."

வண்டு யோசித்தாள். அம்மாவின் வேலை ஒரு பக்கம், நாற்பது மூட்டை ஒரு பக்கம். பிறகு ஆறாம் பையையும் ஏழாம் பையையும் எடுத்துப்போய் ஆய்வாளரின் தராசில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"மேடம், ஆறு பன்னெண்டு கிராம். ஏழு அறுபத்தொன்பது கிராம். எல்லாத்தையும் ஒரே மாதிரி உரிச்சாதானே சரியான போட்டி?"

ஆய்வாளர் பையைக் கொட்டிப் பார்த்தார். அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"நான்தான் மேடம். அது எங்க வெங்காயம். பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு..."

"சத்து இருந்த சட்டையைக் கழட்டிட்டு வெங்காயத்தைப் போட்டிக்கு அனுப்பியிருக்கீங்க," என்று ஆய்வாளர் சிரித்தார். அடுத்த நிமிடம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எப்படி உரிக்கணும்னு நான் எழுதித் தந்திருக்கணும். என் தப்பும் இருக்கு. பன்னெண்டையும் நாளைக்கு மறுபடி பார்ப்போம். உங்க வீட்டுதும் இருக்கிறதால இந்தத் தடவை நான் உரிக்கிறேன். காய்ஞ்ச தோல் மட்டும்தான்."

மறுநாள் ஆய்வாளர் அழுதுகொண்டே உரித்தார். "இத்தனை நாள் எப்படிக்கா தாங்குனீங்க?" என்று மூக்கை உறிஞ்சினார். மாலையில் திரையில் ஏழாம் மலை எழுந்தது. மூன்றாவது இடம்.

"மூணாவதுதானா?" என்று வண்டு முகம் சுளித்தாள்.

"மூணு பேர்கிட்ட வாங்குறாங்கடி," என்றார் அம்மா. கண்ணைத் துடைத்துவிட்டு, "வெங்காயம்," என்றார்.

வீட்டில் அப்பா கதையைக் கேட்டுவிட்டு, "நல்லவேளை, உங்கம்மா பவுடர் பூசி அனுப்பலை," என்றார். நாற்பது மூட்டைகளையும் திரும்ப வெளியே இழுத்தார்கள். இந்த முறை வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டே இழுத்தாள்.

வண்டுவின் மையையும் இயந்திரத்தில் விட்டுப் பார்க்க ஆய்வாளருக்கு ஆசை. ஒரு சொட்டு போதும் என்று சொல்லி முழுக் குப்பியையும் வாங்கிக்கொண்டு போனார். திரையில் எழுந்த மலை திரையையே தாண்டிவிட்டதாம். அதெல்லாம் சரி. ஒரு குப்பி மஞ்சள் மை அவர் வண்டுவுக்கு இன்னும் தர வேண்டியிருக்கிறது.