சாளைக்கு வந்த விருந்தாளி

சாளை வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திருமூர்த்தி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றார். நம் கொங்குப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஆளில்லை, செருப்புமில்லை. கிணற்றுப் பாசி வாடை மட்டும் அவரைத் தாண்டி உள்ளே போயிற்று.

பதினைந்து வருஷ மில் உத்தியோகத்தில், 1934 சித்திரையில்தான் முதல்முறையாகப் பத்து நாள் லீவு கிடைத்திருந்தது. மனைவி ராசாத்தாளையும் பத்து மாதக் குழந்தையையும் கோயமுத்தூரில் விட்டுவிட்டு, உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மாமனாருடைய தோட்டத்து வீடான இந்தச் சாளைக்கு அவர் வந்தது, கிணற்றில் நீந்தி, இளநீர் குடித்து, தென்னை நிழலில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பதற்காக. ஒன்றும் உருப்படவில்லை. கிணற்றில் குதித்தால், அவர் விழுந்த சத்தம் அடங்குமுன் இன்னொன்று தொப்பென்று விழுந்தது. சீவி வைத்த இளநீரை வாய்க்குக் கொண்டுபோனால் காலி. கட்டிலில் படுத்தால், யாரோ உட்கார்ந்த மாதிரி ஒரு பக்கம் தாழ்ந்தது. அந்தப் பக்கம் நனைந்தும் இருந்தது. ஆடுபுலியாவது ஆடலாமென்று தன்னந்தனியாகக் கோடு கிழித்து உட்கார்ந்தார். ஏழு ஆட்டம் தோற்றார்.

மூன்றாம் நாள், தோட்டம் பார்க்கிற பாப்பாயியிடம் எரிந்து விழுந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, ஆள் மொகம் பாக்காம வாங்கன்னு சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிப்போட்டேன். அதுக்கென்ன இப்ப?"

"கெணத்துல கெடக்கறதுங்க அது. ஆராச்சும் கூப்பிட்டாத்தான் வாசப்படி தாண்டும்."

"போகச் சொல்லித் தொலை!"

"வந்தவங்களைப் போகச் சொல்ற பழக்கம் நமக்கு ஏதுங்க? நீங்க போனா அதும் கூடவே வருமுங்க. அங்க ஊட்டுல ஆரும் கூப்பிடாமப் பாத்துக்கங்க."

அன்றே ரயிலேறினார். எதிர்ப் பலகையில் ஈரம். கோயமுத்தூரில் இறங்கியதும், ஜட்காக்காரர்கள் வாயைத் திறந்தால் "வாங்க" என்றுதான் திறப்பார்கள் என்று பயந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தார். பின்னால் சளப், சளப் என்று கால் வைக்கும் சத்தம்.

விளக்கு வைக்கும் நேரம். வீட்டுக் கதவு திறந்திருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி ராசாத்தாள் வந்தாள்.

"ஏனுங்க, அதுக்குள்ள வந்துபோட்டீங்க? கூட ஆரு..."

பெட்டியைப் போட்டார். பாய்ந்து உள்ளே போய் அவள் வாயைப் பொத்தினார்.

முதுகுக்குப் பின்னால், படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றும் சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை. நின்றுவிட்டது. அவர் மூச்சு விட்டார்.

குழந்தை அவர் தோளுக்கு மேலே பார்த்தது. இன்னும் மேலே. வாசல் நிலையின் உச்சிவரை. இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது.

பாசி வாடை அவரைத் தாண்டிப் போயிற்று.

ராசாத்தாளின் இடுப்பு காலி. குழந்தை நிலை உயரத்தில், யார் கையிலும் இல்லாமல், சொட்டச் சொட்ட நனைந்து, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.